கூனிமலை வலம்

பொங்கல் வருகிறதே, வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்கலாம் என்று நேற்றுக் காலை ஒரு பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தில் சுண்ணாம்புக் கட்டிகளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். புஸ்ஸென்று சீறிக் கொதித்து ஆவி எழும்பியது. அந்த வாசத்தைச் சூடான வாசம் என்பதா, ஈர வாசம் என்பதா, எனக்கு இன்றுவரை தெரியாது. மூக்கில் ஏறியதும் தகரத்தின் பக்கத்திலேயே குந்திவிட்டேன். நான் இருக்கிற பதுளை மறைந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு முந்திய பண்டாரவளைக் குளிரில், ஒரு கையில் சுண்ணாம்பு வாளியும் மறு கையில் துரைசானியின் குடையுமாக நின்றுகொண்டிருந்தேன்.

"என்னங்க, வாசம் புடிச்சது போதும். சுண்ணாம்பு மட்டையைப் புடிங்க" என்றாள் மனைவி.

சுவர் பாதியோடு நிற்கிறது. நின்றால் நிற்கட்டும். இதை உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் எனக்கு மறுவேலை ஓடும்.

இப்போது ரயில் பதுளை வரைக்கும் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அது பண்டாரவளையோடு மூச்சு வாங்கி நின்றுவிடும். அதற்கு அப்பால் குதிரை வண்டி, மாட்டு வண்டி, இரண்டுக்கும் வழியில்லாதவர்களுக்கு ஆண்டவன் கொடுத்த கால். கொழும்பு வெக்கையில் வெந்துபோன வெள்ளைக்காரர்கள் காற்று மாற்றத்துக்கு வந்து இறங்குவார்கள். ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் அவர்களுக்கென்று ஒரு விடுதி இருந்தது. அதை நடத்தியவர் கண்ணாடித் துரைசானி. அவருக்கு அவருடைய அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் துரைமாருக்கும் துரைசானிமாருக்கும் தாங்களே ஒரு பெயர் வைத்துவிடுவார்கள், அதுதான் நிலைக்கும். தடித்த மூக்குக் கண்ணாடி போட்டிருந்ததால் அவர் கண்ணாடித் துரைசானி.

அந்த விடுதியில் எனக்கு வேலை. என்ன வேலை என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கும்: நடக்கிற வேலை. பக்கத்துத் தோட்டத்து லயத்தில், கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீட்டில் பிறந்தவன் நான். அப்பா இல்லை, அம்மா கொழுந்து பறித்தாள். பாதிரியார் நடத்திய பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் பொறுக்கியிருந்தேன். என் இங்கிலீஷில் சொற்கள் குறைவு, சலாம் அதிகம். அதை நம்பித்தான் துரைசானி என்னை விருந்தாளிகளோடு அனுப்புவார். குடை தூக்க வேண்டும், பிஸ்கட் டின் சுமக்க வேண்டும், புல்வெளியில் மாடு குறுக்கே வந்தால் விரட்ட வேண்டும், காலில் அட்டை ஏறினால் சோப்பு தடவிப் பிடுங்க வேண்டும். வெள்ளைக் காலில் அட்டை ஏறினால் எழும்புகிற கூச்சலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

துரைசானி இங்கிலாந்தில் ஒரு பழைய கிராமத்தில் பிறந்தவர். அந்தக் கிராமத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் தேத்தண்ணீர் ஆறிப்போகும். கல்லால் கட்டிய கோயிலாம், வளைந்த கல்பாலமாம், ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் நடக்கிறதற்கு ஒற்றையடிப் பாதையாம். பாதை வயலுக்குள் போகும், தோப்புக்குள் போகும், பிரபுவின் நிலத்துக்குள்ளேயும் போகும். யாரும் மறிக்க மாட்டார்கள். வேலி வந்தால், ஏறி இறங்க அதில் மரப்படி வைத்திருப்பார்களாம். இதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. வேலியும் போட்டுவிட்டு அதைத் தாண்டப் படியும் கட்டுகிற மனுஷன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

அந்த ஊரைப் போல இங்கேயும் நடைவழிகள் வேண்டும் என்று துரைசானிக்கு ஆசை வந்தது. விடுதிக்குப் பின்னால் கூனிமலை. முதுகு வளைந்த கிழவி மாதிரி இருப்பதால் எங்கள் ஆட்கள் வைத்த பெயர். அதை ஒரு சுற்றுச் சுற்றிவருகிறதுதான் அவருக்கு மிகவும் பிடித்த நடை. எப்படிப் போகும் என்றால், விடுதியிலிருந்து இறங்கி வண்டி ரோட்டோடு ரொம்பத் தூரம் போய், மேலே ஏறினால் அடுத்த தோட்டம். அங்கிருந்து மலைத்தோளில் ஒரு கணவாய். கணவாயைத் தாண்டினால் எங்கள் தோட்டம். எங்கள் லயத்தைக் கடந்து இறங்கினால் மறுபடி விடுதி. ஏற்றம் அந்தப் பக்கமாகப் போனால்தான் மெதுவாக இருக்கும் என்று துரைசானி எப்போதும் அப்படியே போவார். மலை வலக்கைப் பக்கம் இருக்கும். இந்தச் சின்ன விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஜனங்களுக்கு இது ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாததில் ஆச்சரியமும் இல்லை. என் அம்மா திருச்சிப் பக்கத்திலிருந்து கண்டிச் சீமைக்கு நடந்தே வந்தவள். மன்னாரில் கப்பல் இறங்கி, காட்டு வழியில், கூட வந்தவர்களில் சிலரை வழியிலேயே புதைத்துவிட்டு வந்தவள். வந்த பிறகும் விடிந்தால் மலையேற்றம், பொழுது சாய்ந்தால் கொழுந்துக் கூடையோடு இறக்கம். அவளிடம் போய், சும்மா சந்தோஷத்துக்கு நடக்கிறார்கள் என்றால் எப்படி நம்புவாள்?

கிளம்புகிறவர்களை 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது எங்கள் பழக்கம். 'தூரமா?' என்றுதான் கேட்போம். ஒரு நாள் விருந்தாளிகளோடு போகும்போது கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"தூரமா தம்பி?"

"இல்லக்கா. மலையைச் சுத்திட்டு வர்றோம்."

"சுத்திட்டு?"

"பொறப்பட்ட எடத்துக்கே வந்துருவோம்."

"அதுக்கு அங்கயே இருந்திருக்கலாமே."

இதை நான் துரைசானிக்கு இங்கிலீஷில் சொன்னேன். அவர் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவருடைய ஊரிலும் அப்படிக் கேட்கிற ஒரு பால்காரர் இருந்தாராம்.

கல் வந்த கதைக்கு வருகிறேன். எனக்குக் காய்ச்சலாக இருந்த ஒரு நாள், இரண்டு விருந்தாளிகள் தாங்களே போய் வழி தப்பிவிட்டார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் கண்டுபிடித்தோம். மலைக்குப் பின்னால் ஒரு சிங்கள வீட்டு வாசலில், பலாச்சுளை தின்றுகொண்டு, ஒரு சொல் பாஷை தெரியாமல் வீட்டுக்காரரோடு சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் குறையில்லை, துரைசானிக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. மறுநாளே, பாதை பிரிகிற இடமெல்லாம் ஒரு கல்லை நட்டு வெள்ளை அடித்துவிடு என்று எனக்கு உத்தரவு.

பண்டாரவளையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் சுண்ணாம்பு வாங்கப் போனேன்.

"வீடு கட்டுறியா தம்பி?" என்றார் நானா.

"இல்ல நானா. மலையில கல்லுக்கு அடிக்க."

அவர் தராசைக் கீழே வைத்துவிட்டார். "வெத்தலைக்குச் சுண்ணாம்பு வாங்குறான், செவத்துக்கு வாங்குறான். மலைக்குச் சுண்ணாம்பு வாங்குறவன நான் இன்னிக்குத்தான் பாக்குறேன்."

பாதை பிரிகிற இடங்கள் ஏழு. ஏழு கல் நட்டேன். ஏழாவது கல் கணவாயில், இரண்டு தோட்டத்துக்கும் எல்லையில். பச்சை மலையில் வெள்ளை வெளேரென்று அவை தூரத்திலேயே தெரிந்தன. என் கைவேலையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

இந்த இடத்தில் என் அக்கா செல்லாயியைச் சொல்ல வேண்டும். அக்காவைக் கட்டிக்கொடுத்தது அந்த அடுத்த தோட்டத்தில்தான். கணவாய் வழியாக வந்தால் அக்கா வீட்டுக்கும் எங்கள் லயத்துக்கும் நடுவே ஒரு வாய் வெற்றிலை மெல்லுகிற தூரம். கொழுக்கட்டை அவித்தால் சூடு ஆறுமுன் அங்கே போய்ச் சேரும். அதையெல்லாம் பார்த்துத்தான் அம்மா பெண் கொடுத்தாள். மாப்பிள்ளையைப் பார்த்ததைவிடப் பாதையைப் பார்த்ததுதான் அதிகம் என்று அக்கா பிறகு கேலி செய்வாள்.

அந்த வருஷம் எங்கள் தோட்டத்துக்குப் புதிய துரை வந்தார். வந்ததும் அவர் செய்த முதல் காரியம், கணவாயில் வேலி போட்டு, ஏழாவது கல்லுக்குப் பக்கத்தில் தூக்கித் திறக்கிற மாதிரி ஒரு மூங்கில் தடை வைத்து, காவலுக்கு ஒரு ஆளையும் நிறுத்தியது. அன்றைக்கே அவருக்கு வேலித் துரை என்று பெயர் விழுந்துவிட்டது. காரணம் இதுதான்: அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் ஆள் சேர்க்கிற கங்காணி பேச்சில் தேன் தடவுகிறவன். நம் ஆட்களுக்கு ஆசை காட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவான் என்று துரைக்குப் பயம். அதனால் தோட்டத்து ஆட்கள் கணவாய் வழியாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமோ, அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமோ போகக் கூடாது. துரைசானியின் விருந்தாளிகள் மட்டும் போகலாம்.

அக்காவுக்கு அப்போது வயிற்றில் தலைப்பிள்ளை. ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அம்மாவுக்கு அது வெறும் பழக்கம் மட்டுமல்ல. அக்காவுக்கு முன்னால் பிறந்த இரண்டையும் வழியிலும் வேற்று இடத்திலும் பறிகொடுத்தவள் அவள். மகள் பிள்ளை பெறுகிறபோது தன் கை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வண்டி ரோட்டைச் சுற்றி வருகிறதானால் காலையில் கிளம்பினால் உச்சி வெயிலாகும், அதிலும் கடைசியில் எங்கள் தோட்டத்துக்கு ஏறுகிற படி செங்குத்து. வண்டியில் ஏற்றினால் குலுக்கலில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். கணவாய் வழி சமனான வழி. அது கண் முன்னால் கிடக்கிறது, மேலே மூங்கில் கிடக்கிறது.

அம்மா துரையிடம் போய்ச் சலாம் போட்டுக் கேட்டாள். துரையின் தமிழில் எல்லாமே கட்டளைதான், வேறு மாதிரிப் பேச அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "பாதை விருந்தாளிக்கு. நீ ரோட்டுல போ" என்றார். முடிந்தது. அம்மா அன்று சோறு உண்ணவில்லை. வெள்ளைக்காரர்கள் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நான் தாராளமாகத் தாண்டிப் போகிறேன், என் அக்கா தாண்ட முடியாது என்றால் எப்படி இருக்கும்?

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு காலை விருந்தாளிகளுக்கு முன்னால் நடந்து போனவன், முதல் கல்லைப் பார்த்துத் திகைத்துப் போனேன். என் வெள்ளைக் கல்லின் நெற்றியில் மூன்று கோடு திருநீறு, நடுவில் குங்குமம், தலையில் ஒரு செம்பருத்திப் பூ. இரண்டாவது கல்லும் அப்படியே. ஏழாவது கல்லுக்கு மஞ்சள் கயிறே கட்டியிருந்தது.

துரைசானி பார்த்தால்? கல்லைப் பாழ்பண்ணிவிட்டேன் என்று வேலையை விட்டு அனுப்பிவிட்டால்? மத்தியானம் வாளியோடு ஓடி, எல்லாவற்றையும் கழுவி மறுபடி வெள்ளை அடித்தேன். மறுநாள் பார்த்தால் மறுபடி குங்குமம். மறுபடி அடித்தேன். நான் அடிக்க அடிக்கப் பக்தி கூடியதுதான் மிச்சம். சாமிக்கு நாள்தோறும் அபிஷேகம் செய்கிற பையன் என்று எனக்கு ஒரு பெயர் கிளம்பிவிட்டது. பூச்சி கடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, கொஞ்சம் திருநீறு போட்டுவிடு தம்பி என்று ஒருத்தி கேட்டாள். என் கையில் இருந்தது சுண்ணாம்பு.

அம்மாவிடம் கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே நிமிராமல் பேசினாள்.

"வெள்ளைக்காரங்களே வேலை மெனக்கெட்டு மலையைச் சுத்தி வர்றாங்க. எடமா வர்றாங்களா, வலமா வர்றாங்களா?"

"வலமாத்தான்."

"பொறப்பட்ட எடத்துக்கே வந்து சேர்றாங்களா?"

"ஆமா."

"மொத்தம் எத்தன கல்லு?"

"ஏழு."

"ஏழுன்னா யாரு?"

ஏழு கல் என்றால் ஏழு கன்னிமார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஆற்றங்கரையில் ஏழு கல் நட்டால் அதுதான் கன்னிமார் கோயில், அதற்குமேல் கட்டடம் தேவையில்லை. எனக்கு ஏழு நடும்போது இது தோன்றவேயில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் வழிக்கல் பிடிக்கப் போய் அது கன்னிமாராய் முடிந்தது.

"அம்மா, அந்தக் கல்ல நட்டுச் சுண்ணாம்பு அடிச்சதே நான்தான்" என்றேன்.

"கோயில் கோபுரத்துக்கும் எவனோ ஒருத்தன்தான் அடிக்கிறான். அடிச்சவனயா கும்புடுறோம்?"

அம்மா மெய்யாகவே நம்பினாளா, அப்போதே மனதுக்குள் வேறு கணக்குப் போட்டுவிட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பின்னாளில் கேட்டால், சாமி விஷயத்தில் வாயை வைக்காதே என்று அடக்கிவிடுவாள்.

கடைசியில் துரைசானியே பார்த்துவிட்டார். கல்லின் நெற்றியைத் தொட்டார், விரலில் சிவப்பு ஒட்டியது. இது என்ன என்று கேட்டார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கூட்டிச் சேர்த்து, நீங்கள் சாமி கும்பிட்டுச் சுற்றுகிறீர்கள் என்று இவர்கள் நினைக்கிறார்கள் என்று சொன்னேன். அடிப்பாரோ என்று ஒரு அடி பின்னால் நகர்ந்தும் நின்றுகொண்டேன். அவர் சிரித்த சிரிப்பில் மூச்சு முட்டி, புல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, இங்கிலாந்தில் எங்கள் கிராமத்திலும் வருஷத்தில் ஒரு நாள் பாதிரியார் முன்னால் போக, ஊரெல்லாம் சேர்ந்து ஊர் எல்லையைச் சுற்றி நடப்போம், நடந்தால்தான் பாதை பாதையாக இருக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள் என்றார். கல்லைக் கழுவ வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார். அக்கா விஷயத்தை அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

ஆடி மாதம் வந்தது. ஊவாப் பக்கத்து ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியும், லயத்துத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னிமாருக்குப் பூசை என்று எங்கள் தோட்டத்துப் பெரிய கங்காணி துரையிடம் சொல்லி உத்தரவு வாங்கிவிட்டார். சாமி கும்பிடு என்றால் எந்தத் துரையும் தடுப்பதில்லை. எங்கே கும்பிடப் போகிறீர்கள் என்று கேட்கத் துரைக்குத் தோன்றவில்லை. எங்கே என்று கேட்காதது நம் பழக்கம், அன்றைக்கு அவரும் அதைப் பிடித்துக்கொண்டார்.

பெண்கள் ஆண்கள் என்று பாதித் தோட்டம் கிளம்பியது. மஞ்சள், காதோலை, கருகமணி, பால் செம்பு, தேங்காய், எல்லாம் தயார். அம்மா முன்னால். விடுதி வழியாக இறங்கினோம். துரைசானி இரண்டு விருந்தாளிகளோடு தொப்பியும் தடியுமாக வாசலில் காத்திருந்தார். அவரும் சேர்ந்துகொண்டார். முதல் கல்லில் தேங்காய் உடைத்து, மலையை வலக்கைப் பக்கம் விட்டு நடந்தோம். வண்டி ரோட்டில் எங்கள் கூட்டத்தைப் பார்த்து மாடுகள் மிரண்டன. காற்று சேலைகளை எல்லாம் கொடி மாதிரி அடித்தது. எனக்கு அன்று ஏனோ நடக்க நடக்கச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. சும்மா நடக்கிறதில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று அன்றுதான் புரிந்தது.

அடுத்த தோட்டத்துக்கு ஏறியதும் அக்கா வந்து சேர்ந்துகொண்டாள். மஞ்சள் சேலை, இடுப்பில் ஒரு கை, மச்சான் பக்கத்தில். அந்தத் தோட்டத்து ஆட்களும் பின்னால் வந்தார்கள். தேன் தடவுகிற கங்காணியும் வந்தான். எல்லோரும் மெதுவாக, அக்காவின் நடைக்கு நடந்து, ஏழாவது கல்லுக்கு வந்தோம். வந்தால், மூங்கில் தடை கிடக்கிறது. காவல்காரர் ஓடிப்போய்ச் சொல்லியிருந்தார். தடைக்கு அந்தப் பக்கம் வேலித் துரை, கையில் பிரம்பு, காலடியில் நாய்.

அவர் அம்மாவைப் பார்த்து, "நீ இங்க ஏன்? லயம் போ" என்றார்.

"அதுக்குத்தானுங்க தொறக்கச் சொல்றோம். லயம் அந்தப் பக்கந்தான் இருக்கு" என்றாள் அம்மா.

துரை சுற்றிப் பார்த்தார். "வந்த வழி போ."

"வலம் வந்தவங்க திரும்பி நடக்கப்படாதுங்க. நடந்தா சாமி குத்தம். தோட்டத்துக்கே ஆகாது." அம்மா என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீ இங்கிலீசுலயே சொல்லு. துரைக்குக் கஷ்டம்னா தொறக்க வேணாம். நாங்க இந்தப் பக்கமே இருந்துக்கிறோம். இந்தத் தோட்டத்து லயத்துல எடம் கெடக்கு, எத்தன பேரு வேணுன்னாலும் தங்கலாம்னு இங்க உள்ள கங்காணி சொல்றாரு."

தேன் கங்காணி அந்த நேரம் பார்த்துத் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரித்து, துரைக்கு ஒரு சலாம் வைத்தான். அவனிடம் யாரும் ஒன்றும் பேசி வைக்கவில்லை என்று அம்மா சாகும்வரை சாதித்தாள்.

நான் இங்கிலீஷில் சொன்னேன். என் வாழ்நாளில் நான் பேசிய இங்கிலீஷில் அதுதான் நல்ல இங்கிலீஷ். துரை கூட்டத்தை ஒரு முறை கண்ணால் அளந்தார். அவருடைய தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற கைகளில் பாதிக்கு மேல் அந்தப் பக்கம் நின்றன. எதற்குப் பயந்து வேலி போட்டாரோ, அது அவருடைய வேலிக்கு வெளியே தேங்காய்த் தட்டோடு நின்றது. விடிந்தால் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணும்போது யார் நிற்பார்கள்? மறித்துக்கொண்டே இருக்க இருக்க அவருக்குத்தான் நஷ்டம்.

அப்போது துரைசானி, தனக்கும் வந்த வழியே திரும்பி நடக்க முடியாது, முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி, கல்லுக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்துகொண்டார். கூட வந்த இரண்டு விருந்தாளிகளும் உட்கார்ந்தார்கள். வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்ததும் எங்கள் ஆட்களும் உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா மட்டும் உட்கார முடியாமல் மச்சான் தோளைப் பிடித்து நின்றாள்.

துரை காவல்காரருக்குச் சைகை காட்டினார். காவல்காரர் மூங்கிலை அரை ஆள் உயரம் தூக்கினார். முதலில் போகட்டும் என்று எல்லோரும் அக்காவுக்கு வழி விட்டார்கள். அக்கா கிட்டே போய் நின்றாள். அவளால் குனிய முடியவில்லை. துரைக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் பிரம்பைக் கீழே போட்டுவிட்டு, காவல்காரரைத் தள்ளிக்கொண்டு வந்து, தானே மூங்கிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். "சலாமுங்க துரை" என்று சொல்லிவிட்டு அக்கா நிமிர்ந்தபடியே உள்ளே வந்தாள். பின்னாலேயே பாதித் தோட்டமும் வந்து தீரும்வரை துரை மூங்கிலைத் தூக்கிக்கொண்டே நின்றார். கடைசியாக வந்த அம்மா, கன்னிமாருக்கு வைத்திருந்த மாலையில் ஒன்றை அவர் கழுத்தில் போட்டாள். இரண்டு கையும் மேலே இருந்ததால் அவரால் தடுக்க முடியவில்லை.

துரைசானி கை தட்டினார். துரையின் முகம் குங்குமத்துக்குப் போட்டியாகச் சிவந்திருந்தது, ஆனால் அவர் மாலையைக் கழற்றவில்லை. அதற்காக எனக்கு அவரைக் கொஞ்சம் பிடித்துக்கூடப் போயிற்று.

முதல் மரியாதை வாங்கியவர் மறுநாள் எந்த முகத்தோடு அதே வழியை மறிப்பார்? மூங்கில் பிறகு இறங்கவேயில்லை. துரைசானி சொல்லிச் சொல்லி, வேலியில் ஒரு பக்கம் ஏறி இறங்க மரப்படியும் வந்துவிட்டது. அதைப் பார்த்த அன்று, வேலிக்குப் படி கட்டுகிற மனுஷனை நானும் பார்த்துவிட்டேன் என்று துரைசானியிடம் சொன்னேன். ஆவணியில் அக்காவுக்கு எங்கள் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பெண் பிறந்தது. அம்மாவின் கையில்தான் முதல் குரல் கொடுத்தது. கன்னியம்மா என்று பெயர் வைத்தோம், வேறு என்ன வைக்க?

ஐரோப்பாவில் சண்டை வந்த வருஷம் துரைசானி ஊருக்குப் போனார். கிளம்புமுன் கூனிமலையை ஒரு சுற்றுச் சுற்றினார். ஏழாவது கல்லுக்கு அவரும் ஒரு பூ வைத்தார், கும்பிட்டாரா என்று நான் பார்க்கவில்லை. அவருடைய கிராமத்தில் அந்தக் கல்பாலமும் படியும் இன்னும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் கதை வேறு.

பஸ் வந்தது. முதலில் அதைப் பார்க்கப் போனோம், பிறகு அதில் போனோம். ஒரு வாய் வெற்றிலைத் தூரத்தில் இருக்கிற அடுத்த தோட்டத்துக்கு, ஒரு பஸ் ஏறிப் பண்டாரவளைக்கு வந்து, கடையில் தேத்தண்ணீர் குடித்து, இன்னொரு பஸ் ஏறிப் போகிறார்கள். அதுதான் கௌரவம். நானும் கல்யாணம் ஆகிப் பதுளைக்கு வந்துவிட்டேன். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் இருந்தவரை ஆடிக்கு ஆடி வலம் நடந்தது.

போன தீபாவளிக்குக் கன்னியம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாதையைக் காட்டப் போனேன். முதல் மூன்று கல் எப்படியோ கண்டுபிடித்தோம். வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை, வெறும் கல். அதற்குமேல் மானாப்புல் தலைக்கு மேல் நின்றது, உண்ணிச்செடி முள் சேலையைப் பிடித்து இழுத்தது. நான் கையால் விலக்கி விலக்கிப் பார்த்தேன். யாரும் வேலி போடவில்லை. வேலித் துரை சீமைக்குப் போய் வருஷக்கணக்காகிறது, மூங்கிலைக் கரையான் தின்று தீர்த்திருக்கும்.

"இதுல எங்கம்மா என்ன வயித்துல வச்சுக்கிட்டு நடந்துச்சா மாமா?" என்றாள் கன்னியம்மா.

"இது வழியாத்தான்" என்றேன். எதைக் காட்டிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. புல்தான் இருந்தது.

துரையே வந்து நின்று மறித்தும் அடைபடாத பாதையை, நாங்களே டிக்கெட் எடுத்து அடைத்துவிட்டோம்.

நாளைக்கு அக்கா பொங்கலுக்கு வருகிறாள், பஸ்ஸில்தான். கூனிமலை வரும்போது எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து, அடுத்தவர் மடியில் விழாத குறையாகச் சன்னலுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவாள். பஸ் நிற்பதில்லை. இங்கே வருகிற வழியில் மலை இடக்கைப் பக்கம் ஆயிற்றே அக்கா, இடம் வரலாமா, என்று போன தடவை சீண்டினேன்.

"திரும்பிப் போறப்ப வலமா வந்துரும்டா" என்றாள்.

அவள் வருமுன் சுவரை முடிக்க வேண்டும். தகரத்தில் பாதிச் சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறது. மலைக்கு அடித்தவன், இனிச் சுவருக்கு அடித்துத் தீர்க்க வேண்டியதுதான்.